பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்



பண்டிகை வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். கல்யாணம் வந்தால் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். வடக்கே தீபாவளிக்கு முன்னும், தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன்னும் பெயிண்டர்களுக்கு ஓய்வே இருக்காது. புதுப் பெயிண்டின் பளபளப்பை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன் நடக்கும் வேலையை யாரும் கவனிப்பதில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பதுதான் அந்த வேலை. உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தகட்டால் சுரண்டுகிறார்கள். வீடெல்லாம் தூசி பறக்கிறது. இன்றைய பேச்சு அந்தத் தூசியைப் பற்றியது. அந்தத் தூசியில் காரீயம் இருக்கலாம்.

காரீயம் என்பது எது?

ஈயம் என்றதும் பலருக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். அது கனமானது, கறுப்பு கலந்த சாம்பல் நிறமானது. வண்டி பேட்டரிக்குள் இருப்பது காரீயம். இரண்டையும் பேச்சில் ஈயம் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. காரீயம் நஞ்சு.

இந்த நஞ்சைப் பெயிண்டில் ஏன் சேர்த்தார்கள்? அதில் சில வசதிகள் இருந்தன. காரீயம் சேர்த்தால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்கள் பளிச்சென்று தெரியும். பெயிண்ட் சீக்கிரம் காயும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். இரும்புக் கம்பியில் துரு ஏறாமல் இருக்கச் சிவப்புக் காரீயம் பூசினார்கள். கதவு, ஜன்னல், கிராதி, இரும்புக் கட்டில், தொட்டில் ஆகியவற்றுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டில்தான் காரீயம் அதிகம் சேர்ந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் பொதுவாக இந்த ஆபத்து இல்லை.

உடலில் என்ன செய்கிறது?

காரீயம் வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகிறது. இரத்தத்தில் கலக்கிறது. மூளை, சிறுநீரகம், நரம்பு எல்லாவற்றுக்கும் போகிறது. சுண்ணாம்புச் சத்து சேரும் எலும்பிலும் பல்லிலும் இதுவும் போய்த் தங்குகிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். ஒரு பெண் கருவுற்றால், அவள் எலும்பில் தங்கிய காரீயம் மீண்டும் இரத்தத்துக்கு வரும். அங்கிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் போகும்.

பெரியவர்களுக்கு அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, சோர்வு, மூட்டுவலி வரலாம். இரத்த அழுத்தம் கூடும். சிறுநீரகம் கெடும். மிக அதிகமானால் மணிக்கட்டு வலுவிழந்து கை தொங்கிவிடும். பெயிண்ட் அடிப்பவர்களிடம் இந்த நோய் அதிகம் காணப்பட்டதால், அந்தக் காலத்து மருத்துவர்கள் இதைப் பெயிண்டர் வாதம் என்றே அழைத்தார்கள்.

குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்கள் உடலில் சேர்வதைப்போல் 4 முதல் 5 மடங்கு குழந்தை உடலில் சேரும். குழந்தை தரையில் தவழும். கையை வாயில் வைக்கும். ஜன்னல் விளிம்பைக் கடிக்கும். தூசி தரையில் இருந்தால் குழந்தையின் வயிற்றிலும் இருக்கும். அதன் மூளை வளர்ச்சி குன்றும். படிப்பு ஏறாது. கவனம் நிற்காது. பார்த்தால் நோயாளி போலவே தெரியாது. மக்குப் பிள்ளை என்று வாத்தியாரும் பெற்றோரும் திட்டுவார்கள். போன அறிவை மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது. இந்த அளவு வரை காரீயத்தால் கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

2020ஆம் ஆண்டு யுனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் என்ற அமைப்பும் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகில் 3 குழந்தைகளில் 1 குழந்தையின் இரத்தத்தில், கவலைப்படும் அளவுக்குக் காரீயம் இருக்கிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் 80 கோடி. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் 27 கோடிக்கு மேல். இவ்வளவுக்கும் பெயிண்ட் மட்டும் காரணம் இல்லை. பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது பெரிய காரணம். கலப்பட மசாலாவும், சில பாத்திரங்களும்கூடக் காரணம். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காரணம் பெயிண்ட்.

தெரிந்தும் தாமதம்

இது புதிதாகத் தெரிந்த செய்தி இல்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் என்ற ஊரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் இருந்தார். குழந்தைகளுக்கு வந்த காரீய நோய்க்குக் காரணம் வீட்டு வராந்தாக் கைப்பிடியிலும் சுவரிலும் அடித்த பெயிண்ட்தான் என்று அவர் 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1921ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயப் பெயிண்டை அடிக்கக் கூடாது என்று, சில விலக்குகளுடன், அது சொன்னது.

இந்தியாவில் பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000ஆம் ஆண்டில் நின்றது. பெயிண்டுக்குச் சட்டம் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி விதிகளை வெளியிட்டது. ஓராண்டு கழித்து, 2017 நவம்பரில் அவை நடைமுறைக்கு வந்தன.

விதி சொல்வது இதுதான். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. 10 லட்சம் நெல்மணியில் 90 மணி மட்டும் கறுப்பாக இருப்பது போன்ற அளவு இது. அதற்கு மேல் காரீயம் உள்ள பெயிண்டைத் தயாரிக்கவோ, விற்கவோ, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவோ கூடாது. காரீயம் இந்த அளவைத் தாண்டவில்லை என்று டப்பாவின் மேல் அச்சிட வேண்டும்.

எழுத்தறிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. கடையில் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படிக்க வேண்டும். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் 90 என்ற எண்ணைத் தேடலாம். புரியாவிட்டால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவை, விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாது. சட்டம் வந்த பிறகும் சில சிறிய தயாரிப்பாளர்களின் பெயிண்டில் அளவுக்கு மீறிய காரீயம் இருப்பதை டில்லியில் உள்ள டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு சோதனை செய்து கண்டது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த விதி தொழிற்சாலைகளுக்கான பெயிண்டுக்குப் பொருந்தாது. அந்தப் பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

டப்பாவுக்குச் சட்டம் உண்டு, பழைய கதவுக்கு?

2017க்குப் பின் வந்த டப்பாவுக்குச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் என்ன ஆயிற்று? அது கதவிலும் ஜன்னலிலும் அப்படியே இருக்கிறது. தாத்தா காலத்தில் அடித்ததன் மேல் அப்பா காலத்தில் அடித்தார்கள். அதன் மேல் இப்போது அடிக்கிறார்கள். 2016 விதிகள் தயாரிப்பையும் விற்பனையையும் பற்றித்தான் பேசுகின்றன. பழைய பெயிண்டை எப்படிச் சுரண்ட வேண்டும் என்று அவை சொல்லவில்லை. ஆகவே வீட்டைப் புதுப்பிக்க வரும் மேஸ்திரியின் கையில்தான் அந்தப் பொறுப்பு இருக்கிறது.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். அங்கே வீட்டுப் பெயிண்டில் காரீயம் சேர்ப்பதை 1978இல் தடை செய்தார்கள். பழைய வீடுகளில் சுரண்டும் தூசியால் குழந்தைகள் பாதிக்கப்படுவது அதோடு நிற்கவில்லை. அதனால் வீடு புதுப்பிக்கும் காண்ட்ராக்டர்களுக்கென்று 2008இல் தனி விதி எழுதினார்கள். அது 2010 ஏப்ரல் 22 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

1978க்கு முன் கட்டிய வீட்டில் கூலிக்கு வேலை செய்யும் நிறுவனம் அரசிடம் சான்று பெற வேண்டும். வேலையை நடத்துபவர் 8 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல் பழைய பெயிண்டைக் கலைத்தாலே விதி பொருந்தும். வீட்டின் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் என்று வைத்தார்கள். வேலை தொடங்கும் முன் ஆபத்தை விளக்கும் சிறு புத்தகத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். செய்த வேலையின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

காண்ட்ராக்டர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பயிற்சிக்குப் பணம், சான்றுக்குப் பணம், பாலிதீனுக்குப் பணம், கூடுதல் நேரம். விதிப்படி நடப்பவர் விலையைக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதியை மதிக்காதவர் குறைத்துச் சொல்லி வேலையைத் தட்டிக்கொண்டு போகிறார். இந்தக் குறையில் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி, மீறினால் அபராதம் என்று இருந்தால்தான் நேர்மையானவர் பிழைக்க முடியும்.

அபராதமும் வந்தது. ஹோம் டிப்போ என்பது அங்கே வீட்டுச் சாமான் விற்கும் பெரிய நிறுவனம். அது வேறு காண்ட்ராக்டர்களை அனுப்பி வாடிக்கையாளர் வீடுகளைப் புதுப்பித்துக் கொடுத்தது. அவர்களில் சிலர் சான்று பெறவில்லை, பாதுகாப்பாக வேலை செய்யவில்லை என்று அரசு வழக்குப் போட்டது. 2020 டிசம்பரில் 2 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் சம்மதித்தது. தூசி கிளப்பியது யாரோ. பதில் சொன்னது வேலையை ஏற்றுக்கொண்டவர். நம் ஊரில் ஒரு மேஸ்திரி வேலையைப் பேசுகிறார். இன்னொருவர் ஆள் கூட்டி வருகிறார். ஆள் செய்த தவறுக்கு மேஸ்திரிதான் பொறுப்பு என்பது இங்கும் நியாயம்தான்.

விலை பேசும்போதே சொல்ல வேண்டும்

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு மேஸ்திரி பாதுகாப்பாக வேலை செய்தால் அவருக்கு நஷ்டம் வராதா? பேசத் தெரிந்தால் வராது. இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள்.

"மேஸ்திரி, பக்கத்துத் தெருக்காரர் நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். நீங்கள் ஆறு நாள் கேட்கிறீர்களே?"

"கதவு ஜன்னலில் இருப்பது பழைய எண்ணெய்ப் பெயிண்ட் அம்மா. அதில் காரீயம் இருக்கும். தூசி கிளம்பாமல் நனைத்து நனைத்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் பேரன் தரையில் தவழ்கிறானே!"

"அதற்கு எவ்வளவு கூடும்?"

"இரண்டு நாள் கூலியும் பாலிதீன் செலவும்தான் அம்மா. தனியாக எழுதித் தருகிறேன், பாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம். அதில் கொஞ்சம் மிச்சமாகும்."

இந்த மேஸ்திரி மூன்று காரியம் செய்தார். காரணத்தைச் சொன்னார். செலவை மறைக்காமல் எழுதித் தருவதாகச் சொன்னார். செலவு குறையும் வழியையும் சொன்னார். கேட்ட பிறகும் சிலர் மலிவான ஆளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் பலர் யோசிப்பார்கள். ஓர் ஊரில் உள்ள பெயிண்டர்கள் கூடிப் பேசி, எல்லோரும் இப்படித்தான் வேலை செய்வோம் என்று முடிவு செய்தால் யாருக்கும் போட்டியால் நஷ்டம் இல்லை.

எப்படி வேலை செய்வது?

2017 நவம்பருக்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயிண்டில் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. பிறகு இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைக் கலைக்க வேண்டாம். துடைத்து, அதன் மேலேயே புதுப் பெயிண்ட் அடிக்கலாம்.

2. வேலை நடக்கும் அறைக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வரக் கூடாது. பாய், தலையணை, துணி, பாத்திரம், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்.

3. தரையில் பாலிதீன் விரிக்க வேண்டும். சுரண்டும் இடத்திலிருந்து 6 அடி வரை விரிப்பது நல்லது. வீட்டுக்கு வெளியே என்றால் மண்ணில் 10 அடி வரை விரிக்க வேண்டும். அறை வாசலிலும் ஒரு பாலிதீனைத் தொங்கவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

4. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்ட வேண்டும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்த வேண்டும். சுவிட்ச் போர்டு பக்கத்தில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கையால் மெல்லச் சுரண்டலாம்.

5. பழைய பெயிண்டைத் தீயால் வாட்டி எடுக்கக் கூடாது. அந்தப் புகையில் காரீயம் இருக்கும். தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி பொருத்தாத இயந்திரத்தால் தேய்க்கவும் கூடாது.

6. துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் தூசி எழும்பி மீண்டும் படியும். பாலிதீனை உள்பக்கமாக மடித்துச் சுருட்டி, சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் தரையையும் ஜன்னல் விளிம்பையும் துடைக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும்.

7. குப்பையைக் கொளுத்தக் கூடாது. கிணற்றுப் பக்கத்திலும் கீரைப் பாத்தியிலும் கொட்டக் கூடாது. நகராட்சியோ பஞ்சாயத்தோ காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

தொழிலாளியின் வீட்டுக்கும் தூசி போகும்

வீட்டுக்காரர் ஒரு முறைதான் இந்தத் தூசியைப் பார்க்கிறார். பெயிண்டர் தினமும் அதில் நிற்கிறார். மாலையில் அதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறார். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது. மனைவி அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு துவைக்கிறாள். அடுத்தவர் வீட்டுக் காரீயம் இப்படித் தன் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

ஆகவே வேலைக்கென்று தனி உடை வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே கை, முகம் கழுவி உடை மாற்ற வேண்டும். வேலை உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சுரண்டும் இடத்தில் டீ குடிப்பது, பீடி பிடிப்பது, வெற்றிலை போடுவது எல்லாம் காரீயத்தை வாய்க்குள் அனுப்பும் வழிகள். மூக்கில் துண்டைக் கட்டினால் பருந்தூசிதான் நிற்கும். நுண்தூசி உள்ளே போய்விடும். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த என்-95 முகமூடி துண்டைவிட மேல். வடிகட்டி பொருத்திய முகமூடி அதைவிட மேல். இதை வாங்கித் தருவது மேஸ்திரியின் கடமை.

வேலை முடிந்து ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசி போய்விடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இரத்தத்தில் கலந்த காரீயத்தை வெல்லம் வெளியேற்றாது. வெறும் வயிற்றோடு வேலை செய்தால் காரீயம் அதிகம் சேரும். சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. கேழ்வரகு, கீரை, மோர் போன்ற உணவால் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் கிடைக்கும். இவை குறையாமல் இருந்தால் காரீயம் உடலில் சேர்வது குறையும்.

நெடுநாள் இந்த வேலை செய்பவர், காரணம் தெரியாத வயிற்றுவலியும் சோர்வும் வந்தால், தன் தொழிலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம். இரத்தப் பரிசோதனையில் காரீய அளவு தெரிந்துவிடும். 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் காரீய நோயைத் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்யலாம்.

நண்பர்களே, பழைய பெயிண்டைச் சுரண்டவும் இந்தியாவில் ஒரு விதி வர வேண்டும். பெயிண்டர்களுக்கு அரசுச் செலவில் ஒரு நாள் பயிற்சியும் வேண்டும். தொழிலாளர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் கிராம சபையும் இதைக் கேட்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பாலிதீன் விரிப்பு, ஒரு முகமூடி இருந்தால் நாளைக் காலை வேலையிலேயே தொடங்கிவிடலாம்.